நரிப்பயறு: விதை பொறுக்குவதிலிருந்து ஆட்டுக்குப் போடுவது வரை

சேலம் பக்கத்தில் ஆடு வளர்க்கும் யாரும் நரிப்பயறைக் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். நாலு மழை பெய்தால் நிலத்தின் எல்லை மேடான பொழி ஓரத்தில் தானாகக் கொடியோடும், ஆடு மேய்ந்துவிட்டுப் போகும், தை மாசியில் காய்ந்து காணாமல் போகும். தானாக வருகிற ஒன்றை எதற்கு விதைக்க வேண்டும் என்று நானும் வெகுநாள் நினைத்ததுண்டு.

நம்மிடம் என்ன தீவனம் இருக்கிறது என்று கணக்குப் போட்டபோதுதான் எண்ணம் மாறியது. சோளத்தட்டு இருக்கிறது. ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலிருந்து மரவள்ளித் திப்பி கிடைக்கிறது. இரண்டுமே வயிற்றை நிரப்பும். ஒன்று நார், மற்றது மாவு. புரதம் இரண்டிலும் சொற்பம். அதைச் சரிக்கட்டத்தான் கடலைப் புண்ணாக்கு வாங்குகிறோம். பயறு வகைத் தீவனங்களில் பொதுவாகக் காய்ந்த எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை புரதம் இருக்கும். குதிரைமசாலுக்கு வாரம் தவறாமல் தண்ணீர் வேண்டும். கிணறு வற்றும் மேட்டாங்காட்டில் அதற்கு எங்கே போவது? நரிப்பயறு மழையை மட்டும் நம்பி வரும்.

விதைப்பதும் அறுப்பதும் பெரிய வித்தை இல்லை. இந்தச் செடியில் சிக்கல் முழுக்க விதையில்தான் இருக்கிறது. முற்றினால் தெறித்துவிடும், கைக்குக் கிடைத்தாலும் நாம் சொன்ன நாளில் முளைக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று பட்டம் ஆனது. அதனால் விதையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன்.

செடியை அடையாளம் பாருங்கள்

தாவரப் பெயர் விக்னா ட்ரைலோபேட்டா. பச்சைப்பயறுக்கும் உளுந்துக்கும் பங்காளி, ஒரே விக்னா பேரினம். ட்ரைலோபேட்டா என்றால் மூன்று மடல் உள்ளது என்று பொருள். பயறுச் செடிகளுக்கே உரிய மூன்று சிற்றிலைகள் இருக்கும். அந்தச் சிற்றிலை ஒவ்வொன்றும் மறுபடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். தரையோடு படரும் மெல்லிய கொடி. நீண்ட காம்பின் நுனியில் சின்ன மஞ்சள் பூக்கள் கொத்தாக வரும். காய் பென்சில் முனை போல மெல்லிசாக, 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம், முற்றினால் கருத்துவிடும். பெயரில் உள்ள நரிக்கும் செடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நரிவெங்காயம் என்கிறோமே, அது மாதிரி. வீட்டுச் சாதி இல்லை, காட்டுச் சாதி என்பதற்கான அடையாளம் அவ்வளவுதான்.

துலுக்கப்பயறோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதன் இலை ஆழமாக வெட்டுப்பட்டு விரல் விரலாக, ஒடுக்கமாக இருக்கும். நரிப்பயறு இலையின் நடுமடல் அகலமானது. குழப்பினாலும் பெரிய நட்டமில்லை, துலுக்கப்பயறும் நல்ல தீவனம்தான்.

நட்டம் வருவது கிலுகிலுப்பையால். அதே தரிசில், அதே பருவத்தில், அதுவும் மஞ்சளாகப் பூக்கும். அதில் பல வகைகளின் விதையும் இலையும் கால்நடையின் ஈரலைக் கெடுப்பவை. ஆனால் அது நிமிர்ந்து நிற்கும் செடி. காய் ஊதிப்போய், காய்ந்த பின் ஆட்டினால் சலங்கை மாதிரி சத்தம் போடும். நீங்கள் சேகரிக்கும் விதையில் அது ஒன்று கலந்தாலும் அடுத்த வருசம் உங்கள் தீவனக் காட்டில் நீங்களே விதைத்ததாக ஆகிவிடும்.

விதை பொறுக்குவது

புரட்டாசி மழையில் முளைத்த செடி மார்கழியிலிருந்து தை வரை நெற்றாகும். எல்லாம் ஒன்றாக முற்றாது. ஒரே கொடியில் பூ, பிஞ்சு, பச்சைக் காய், கருத்த நெற்று நாலும் இருக்கும். அதனால் கொடியோடு பிடுங்கி வந்து காயப்போடலாம் என்ற யோசனை பாதிதான் பலிக்கும்.

கருத்த நெற்று வெயில் பட்டதும் படக்கென்று முறுக்கிக்கொண்டு வெடிக்கும், விதை தெறித்துவிடும். எங்கள் ஆயா சொல்வது: "வெயில் ஏறுன பின்னாடி போனா நெத்துக் கூடுதான் கெடைக்கும், பயிறு பூமிக்குப் போயிருக்கும்." பனி இறங்கிய காலையில், நெற்று நமுத்துப் போயிருக்கும்போதே பறிக்க வேண்டும். 6 மணிக்கு இறங்கினால் 8:30 வரை பறிக்கலாம். துணிப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் அடைத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பறித்ததை மொட்டை மாடியில் விரித்து, மேலே பழைய கொசுவலை அல்லது மெல்லிய வேட்டியைப் போர்த்துங்கள். மதியம் வெடிக்கும் சத்தம் கேட்கும். போர்த்தவில்லை என்றால் விதையில் பாதி தெருவில் கிடக்கும். இரண்டு மூன்று நாள் காய்ந்ததும் தடியால் தட்டி, முறத்தில் புடைத்து எடுங்கள்.

இதில் எவ்வளவு தேறும்? ஓர் ஆள் ஒரு காலையில் பறித்ததைச் சுத்தம் செய்தபின் அரை கிலோ வந்தால் எனக்கு அது நல்ல நாள். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை நான் போடுவது. ஆக, முதல் வருசமே ஒரு ஏக்கர் என்று கிளம்பாதீர்கள். 10 சென்ட் போதும். 700 கிராம் விதை இருந்தால் ஆகிவிடும். அந்தப் 10 சென்ட்டை முழுக்க விதைக்கு விட்டால் அடுத்த வருசம் ஏக்கருக்குப் போகலாம். பொறுக்கும்போது பொழி, வரப்பு, சொந்தக் காடு, தெரிந்தவர் காடு இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலை அடிவாரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் கொடி தெரிந்தாலும் காப்புக்காட்டுக்குள் கை வைத்தால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சேமிப்பதற்கு முன் ஒரு விதையைப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது. நசுங்கினால் இன்னொரு வெயில் தேவை. சாம்பல் கலந்தோ, பழைய வழக்கப்படி செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்தோ மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பயறு வண்டு விழாமல் காக்க இது போதும்.

உறங்கும் விதையை எழுப்புவது, அதிலும் பாதியை மட்டும்

முதல் பட்டத்தில் பொறுக்கிய விதையை ஆடியில் அப்படியே விதைத்தேன். பத்தில் ஒன்று கூட முளைக்கவில்லை. விதை பொக்கு என்று முடிவுகட்டினேன். ஐப்பசியில் அதே இடத்தில் திட்டுத் திட்டாகக் கொடி வந்து நின்றது. இரண்டாம் பட்டத்தில் யாரோ வெந்நீர் ஊற்றச் சொன்னார்கள் என்று, கொதிக்கக் கொதிக்க அடுப்பிலேயே விதையைப் போட்டுக் கிளறினேன். அது விதைநேர்த்தி இல்லை, சுண்டல். அந்தப் பட்டமும் போனது.

விசயம் இதுதான். காட்டுப் பயறுகளின் விதைத்தோல் தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டியானது. மழை வந்தாலும் எல்லா விதையும் ஒரே நேரத்தில் ஊறாது. வெயிலும் ஈரமும் மண் உராய்வும் தோலை மெல்ல மெல்லத் தேய்த்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். ஒரு மழையை நம்பி எல்லாம் முளைத்து, அப்புறம் மழை ஏமாற்றினால் வம்சமே போய்விடும் அல்லவா? செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் வழி அது.

எழுப்புவதற்கு இரண்டு முறை உண்டு. ஒன்று, மணலோடு தேய்ப்பது. ஒரு பங்கு விதை, இரண்டு பங்கு சொரசொரப்பான ஆற்று மணல். உரலில் போட்டு உலக்கையை மெதுவாகச் சுழற்றுங்கள், இடிக்கக் கூடாது. விதையின் பளபளப்பு போய் மங்கலானால் நிறுத்திவிடலாம். மற்றது வெந்நீர். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அதன் பிறகு விதை மேல் ஊற்றுங்கள். 3 நிமிடத்தில் வடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஊதியிருக்கும் விதை எழுந்துவிட்டது. ஊதாமல் கிடப்பதை மறுபடி தேய்க்கலாம். எனக்கு மணல் முறைதான் பிடிக்கும், பிசகினாலும் விதை சாகாது.

எதைச் செய்தாலும் முதலில் 100 விதையில் சோதியுங்கள். நனைத்த சாக்குத் துணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி நிழலில் வைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 70 முளைத்தால் தாராளம். 40 என்றால் விதையளவைக் கூட்டுங்கள்.

இப்போது முக்கியமானது: மானாவாரி என்றால் மொத்த விதையையும் எழுப்பாதீர்கள். பாதியைத் தேய்த்து, பாதியை அப்படியே விட்டு, இரண்டையும் கலந்து விதையுங்கள். நம் ஊர் ஆடி மழையின் குணம் உங்களுக்கே தெரியும். ஒரு மழை கொட்டிவிட்டு மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடக்கும். எழுந்த விதை அதில் கருகினாலும், உறங்கும் பாதி புரட்டாசி மழைக்குக் காத்திருக்கும். விதைநேர்த்திக் குறிப்புகள் எல்லாம் முழு முளைப்பையே இலக்காகச் சொல்லும். அது பாசனம் உள்ளவருக்குச் சரி. மேட்டாங்காட்டுக்காரருக்கு உறங்கும் விதைதான் காப்பீடு.

விதைப்பு

செம்மண், கரிசல், செவல் கலந்த மண் எதிலும் வரும். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. ஏற்காடு மலை மேலே காப்பித் தோட்டத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். அது சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிரும் நிழலும் இந்தச் செடிக்கு ஒவ்வாது. அடிவாரக் காடுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு உழவு, ஏக்கருக்கு இரண்டு டன் மக்கிய எரு, ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட். யூரியா தேவையில்லை, வேர் முடிச்சு தானே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு உதவியாக, பயறுக்கான ரைசோபியம் பொட்டலம் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்திவிட்டு அன்றே விதைத்துவிடுங்கள். இந்தப் பொட்டலத்தை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும், பிறகு வெறும் கரித்தூள்தான் மிச்சம்.

விதை சின்னது என்பதால் நாலு பங்கு மணல் கலந்து தூவுங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. கலப்பையால் மூட வேண்டாம். பழைய முறையில் முள் கிளையைக் கட்டி மேலோட்டமாக இழுத்தால் போதும்.

தனியாகப் போடுவதை விட எனக்குக் கலப்பு பிடித்திருக்கிறது. மூன்று வரிசை தீவனச்சோளம், ஒரு வரிசை நரிப்பயறு. கோ எஃப்.எஸ். 29 போல மறுதாம்பு விடும் சோளம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே அறுத்துப் போடலாம். சோளத்தில் ஒரு எச்சரிக்கை: மழையில்லாமல் வாடிய இளம் பயிரில் நச்சு ஏறியிருக்கும், பூவெடுக்கும் முன் அதை மாட்டுக்கும் ஆட்டுக்கும் காட்டாதீர்கள். மரவள்ளி நட்டு முதல் இரண்டு மாதம் இடைவெளி சும்மாதானே கிடக்கிறது? அங்கேயும் போடலாம், 50 நாளில் அறுத்துவிட வேண்டும், விட்டால் கொடி மரவள்ளித் தண்டில் ஏறும். இளம் மாந்தோப்பிலும் நன்றாக வரும். மரம் குடை விரித்து நிழல் கட்டிவிட்டால் வராது.

முதல் 25 நாள்

செடி மெதுவாகத்தான் கிளம்பும். கோரையும் பார்த்தீனியமும் அதை முந்தும். 20ஆம் நாள் ஒரு கைக்களை எடுத்துவிட்டால் பிறகு கொடியே தரையை மூடிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு கிளறி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு சும்மா இருக்கிறது.

அசுவினி வரும், பனிக்காலத்தில் சாம்பல் நோயும் வரும். நான் மருந்து அடிப்பதில்லை. தீவனத்தில் மருந்தடித்துவிட்டு எத்தனை நாள் கழித்துப் போடலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட, நோய் பட்ட திட்டை முதலில் அறுத்துவிடுவது லேசு. ஆட்டைத் தள்ளி வைப்பதுதான் உண்மையான பயிர்ப் பாதுகாப்பு. வேலியில் ஒரு சந்து இருந்தால் பக்கத்துக் காட்டு ஆடு உங்களுக்கு முன்பே அறுவடையை முடித்துவிடும்.

அறுப்பு

45 முதல் 50 நாளில், பாதிச் செடி பூவெடுத்திருக்கும்போது அறுங்கள். அதற்கு முன் அறுத்தால் தண்ணீராக இருக்கும். நெற்று கட்டிய பிறகு அறுத்தால் தண்டு நாராகிவிடும், இலை பழுத்து உதிரும். பண்ணருவாளைத் தரையோடு ஓட்டாதீர்கள். 8 முதல் 10 சென்டிமீட்டர் விட்டு அறுத்தால் கணுவிலிருந்து தளிர் வரும். மண்ணில் ஈரம் இருந்தால் மாதம் கழித்து இரண்டாவது அறுப்பு கிடைக்கும். மழை நன்றாக அமைந்தால் ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று டன் பசுந்தழை எதிர்பார்க்கலாம்.

மேய விடுவதானால் ஒரு பக்கமாகக் கயிறு கட்டி, இரண்டு நாளுக்கு ஒரு துண்டு என்று பிரித்து விடுங்கள். மொத்தமாகத் திறந்துவிட்டால் மேய்வதை விட மிதிபடுவதுதான் அதிகம்.

தீனி போடும் முறை

இங்கேதான் ஆட்டை இழப்பார்கள். பசும் பயறுத் தழையை வெறும் வயிற்றில் நிறையத் தின்றால் வயிறு உப்பும். நுரை நுரையாக வாயு சேர்ந்து ஏப்பமாக வெளியேற முடியாமல், இடப்பக்க விலா மேளம் போலாகிவிடும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

அதனால் காலையில் முதலில் சோளத்தட்டோ வைக்கோலோ தின்ன விடுங்கள். பனி உலர்ந்த பிறகு, அறுத்து இரண்டு மூன்று மணி நேரம் வாடவைத்த தழையைப் போடுங்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி. ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயறுத் தழை போக வேண்டாம். வளர்ந்த வெள்ளாட்டுக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் என்றால், நரிப்பயறு ஒரு கிலோ. கறவை மாட்டுக்கு 6 முதல் 8 கிலோ. திப்பி போடுகிறவர்கள் இதோடு சேர்த்துப் போட்டால் புண்ணாக்கை ஓரளவு குறைக்கலாம். சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் புண்ணாக்கை அடியோடு நிறுத்தாதீர்கள்.

உப்பிவிட்டது என்றால், முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி இடது விலாவை நீவிவிடுங்கள், மெதுவாக நடக்க வையுங்கள். வெள்ளாட்டுக்கு 50 மில்லி கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெயை வாயோரத்தில் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், கவனம். அதே நேரத்தில் 1962க்கு அழைத்துவிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

மேச்சேரி செம்மறி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்குப் பின் திடீரென்று இளந்தழை கிடைத்து மூக்குமுட்டத் தின்னும் பருவத்தில்தான் துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய் வரும். கொழுத்த குட்டிதான் முதலில் போகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். அந்த ஆட்டினத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பயிர் பற்றிக் கேட்கச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போய்க் கேட்டால் சொல்வார்கள்.

மிஞ்சினால் உலர்த்தி வைக்கலாம். பச்சைத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே 100 கிலோ அறுத்தால் 20, 25 கிலோதான் மிஞ்சும். வெயிலில் போட்டுப் புரட்டினால் இலை நொறுங்கித் தூளாகி, கையில் வெறும் கொடிக் குச்சி நிற்கும். சத்து இலையில்தான் இருக்கிறது. அரை வாட்டம் வெயிலில், மீதி நிழலில். காலைப் பனியில் இலை நமுத்திருக்கும்போது கட்டுக் கட்டுங்கள்.

அடுத்த வருசத்துக்கு

இரண்டாவது அறுப்பு முடிந்ததும் கொடியை மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம். ஆனால் முழுக் காட்டையும் உழுதுவிடாதீர்கள். பொழி ஓரமாக ஐந்தடி அகலத்துக்கு ஒரு பட்டையை அறுக்காமல், மேய விடாமல் தை பாதி கடக்கும் வரை விட்டுவையுங்கள். பனிக் காலையில் பறித்தது போக மிச்சம் அங்கேயே தெறித்து விழும். நான் நான்காம் பட்டத்தில் விதைத்தது பாதிக் காட்டுக்கு மட்டும்தான். மீதியில் தானாகவே வந்தது. இன்னும் முளைக்காமல் எவ்வளவு மண்ணுக்குள் கிடக்கிறதோ, ஒவ்வொரு கோடை மழைக்கும் பத்து இருபது தலை காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பட்டையில் மட்டும் பிப்ரவரிக்கு முன் ஆட்டை இறக்காதீர்கள், உழவும் ஆழமாக ஓட்டாதீர்கள்.